பிழை பார்ப்பதற்கு முன் கட்டுரையைப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து கல்லூரி முதலாண்டு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "1806 வேலூர்ப் புரட்சியின் காரணங்கள் என்னும் தலைப்பில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதியிருக்கிறேன். 1,500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. என் வரைவு 2,300 சொற்களுக்குப் போய்விட்டது. எழுத்துப்பிழைகளை இரண்டு முறை பார்த்துத் திருத்திவிட்டேன். ஆனாலும் படித்துப் பார்த்த பேராசிரியர், 'இன்னும் பக்குவப்படவில்லை, திருத்தி எழுதி வா' என்கிறார். இனி எதைத் திருத்துவது?" கேள்வியுடன் தம் வரைவையும் அனுப்பியிருக்கிறார். வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எதிராக எழுந்ததே அந்தப் புரட்சி.

வரைவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் செய்து முடித்திருப்பது மெய்ப்புத் திருத்தம். பேராசிரியர் கேட்பது திருத்தி எழுதுதல். ஒற்று மிகுந்திருக்கிறதா, லகர ளகரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வேலையின் கடைசிப் படி. அதை முதலிலேயே செய்ததால் உங்களுக்கு இரண்டு இழப்புகள் நேர்ந்திருக்கின்றன. நாளை நீக்க வேண்டிய பத்திகளுக்கும் உட்கார்ந்து பிழை பார்த்திருக்கிறீர்கள் என்பது ஒன்று. பிழை நீங்கிப் பளிச்சென்று ஆகிவிட்ட பத்தியின்மேல் கைவைக்க மனம் வராது என்பது மற்றொன்று; இதுதான் பெரிய இழப்பு. ஆகவே இரண்டு நாள்கள் வரைவைத் தொடாமல் வையுங்கள். பிறகு கணினித் திரையில் படிக்காமல், வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்காருங்கள். திரையில் படிக்கும்போது கை தானாகவே சொற்களை மாற்றப் போய்விடும். தாளில் படித்தால்தான் கட்டுரை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்.

முதல் வாசிப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன செய்கிறது என்று ஒரே வரியில் குறித்துக்கொண்டு போங்கள். நானும் உங்கள் வரைவுக்கு அப்படிக் குறித்துப் பார்த்தேன். கோட்டை யார் கட்டியது, அகழியின் சிறப்பு, ஜலகண்டேசுவரர் கோயில், மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் குடும்பம் வந்தது, திருமண நாள் இரவு, தாக்குதல், ஆற்காட்டிலிருந்து படை வந்தது, இறந்தவர்கள், மே மாதக் கசையடி, புதிய தலைப்பாகை, திப்புவின் குடும்பம் மறுபடியும், நினைவுத்தூண், நாட்டுப்பற்று. இந்தப் பட்டியலைத் தலைப்பின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பு கேட்பது காரணங்களை. காரணம் என்று சொல்லத்தக்கது பதின்மூன்று பத்திகளில் நான்கில்தான் இருக்கிறது. அவற்றிலும் மூன்று, இறந்தவர்களை எண்ணி முடித்த பிறகு வருகின்றன. உங்கள் வரைவு புரட்சியின் கதையைச் சொல்கிறது. அந்தக் கதையை நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள் என்பதால்தான் எங்கே பழுது என்று உங்களுக்குத் தட்டுப்படவில்லை.

இந்த இடத்தில் பழைய துணை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பவணந்தி முனிவர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் இருக்க வேண்டிய பத்து அழகுகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிட்ட பகுதி அது. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்துக் குற்றங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், அதைவிடக் கூர்மையான திருத்துநர் கிடைக்க மாட்டார். என் வேலைக்காலம் முழுவதும் மாணவர் கட்டுரைகளுக்கும் விழா மலர்களுக்கும் நான் அவற்றைத்தான் அளவுகோலாக வைத்திருந்தேன். பத்தையும் இங்கே விரிக்கப் போவதில்லை. உங்கள் வரைவில் கண்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 'மாறுகொளக் கூறல்'. உங்கள் முதல் பக்கத்தில், "1806 ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் திடீரென வெடித்தது இப்புரட்சி" என்றிருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், "பல மாதங்களாகப் புகைந்துகொண்டிருந்த கோபம்" என்றிருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் நம்ப முடியும். எதை நம்புகிறீர்கள் என்று முடிவு செய்வது சொல் திருத்தும் வேலையன்று, சிந்திக்கும் வேலை. வரைவு எழுதும்போது நாம் நினைத்துக்கொண்டே எழுதுகிறோம். ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போதுதான் நாம் உண்மையில் என்ன சொல்ல வந்தோம் என்பது நமக்கே தெரிகிறது. அது குறையன்று, எழுதுகிறவர் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் கண்டுபிடித்ததை முதல் பக்கத்துக்குக் கொண்டு வராமல் விட்டால் அது வரைவாகவே நின்றுவிடும்.

உங்கள் வரைவில் அப்படிக் கண்டுபிடித்தது மே மாதக் கசையடிப் பத்தி. புரட்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, இதே வேலூரில், புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் இருவர் கசையடி வாங்கினார்கள். இந்த ஒரு செய்தி, கோபம் படைக்குள்ளேயே பிறந்தது என்பதைக் காட்டுகிறது. ஜூலை 9ஆம் நாள் கோட்டைக்குள் நடந்த திப்பு மகளின் திருமணம் சிப்பாய்கள் ஒன்றுகூட வாய்ப்பாக அமைந்தது. கோபத்தை அது உண்டாக்கவில்லை. இவ்வளவு வலுவான சான்றை, போர் முடிந்து பிணங்களை எண்ணிய பிறகு, "இதற்கு முன்பு மே மாதத்தில்" என்று பின்னோக்கிப் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியைக் கத்தரித்து இரண்டாம் பத்தியாக வையுங்கள். வேறொன்றும் செய்யாமல் அதை மட்டும் செய்துவிட்டுக் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். பின்னால் வரும் தாக்குதல் பத்தி தானாகவே வேறு பொருள் தரத் தொடங்கும். நன்னூல் 'முறையின் வைப்பு' என்று ஓர் அழகைச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது 'மற்றொன்று விரித்தல்'. இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் உங்கள் வரைவில் மிக அழகாக எழுதப்பட்ட பத்தி ஜலகண்டேசுவரர் கோயிலைப் பற்றியதுதான். பல காலம் மூலவர் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த கருவறைக்கு 1981ஆம் ஆண்டில் சிவலிங்கம் திரும்பி வந்ததை நீங்கள் எழுதியிருக்கும் விதம், வேலூரில் வளர்ந்த யாரையும் நெகிழச் செய்யும். ஆனால் 1806இல் சிப்பாய்கள் ஏன் துப்பாக்கியைத் திருப்பினார்கள் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதிலும் இல்லை. அதை எடுத்துவிடுங்கள். எடுத்ததை அழித்துவிட வேண்டாம். வேறொரு கோப்பில் போட்டு வையுங்கள், அது தனிக் கட்டுரையாக வளரும். கோட்டை கட்டிய வரலாறும், நான்கு வரிக்கு மேல் போகும் அகழி வருணனையும் அதே கோப்புக்குப் போகட்டும். இந்த மூன்றையும் எடுத்த உடனேயே ஏறத்தாழ 500 சொற்கள் குறைந்துவிடும். சொல் வரம்பைத் தாண்டியவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொற்களைக் கிள்ளி எடுப்பது. அப்படிச் செய்தால் கட்டுரை முழுவதும் இளைத்துப் போகும், வேண்டாத பகுதியோ அப்படியே இருக்கும். முழுப் பத்தியாக எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

'கூறியது கூறல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திப்புவின் மைந்தர்கள் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது மூன்று இடங்களில் வருகிறது, ஓரிடம் போதும்.

'குன்றக் கூறல்'தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. புரட்சிக்குப் பின் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது, ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்று எழுதி, ஆகவே உடை பற்றிய ஆணைகளே காரணம் என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நல்ல வாதம். ஆனால் அதே அரசு திப்புவின் குடும்பத்தாரை வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பியது. அதை நீங்கள் எங்கும் சொல்லவில்லை. புரட்சியின்போது கோட்டையில் மைசூர்க் கொடி ஏற்றப்பட்டதையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கும் செய்தியை விட்டுவிட்டால், வரலாறு தெரிந்த நடுவர் அந்த இடத்திலேயே உங்கள்மேல் வைத்த நம்பிக்கையை இழப்பார். அதைச் சேர்த்துவிட்டு, "அரசு இரண்டு காரணங்களையும் கண்டு அஞ்சியது, ஆனால் மே மாத நிகழ்ச்சி திப்புவின் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் நடந்தது" என்பது போல எடைபோட்டு எழுதினால், கட்டுரை முதன்முறையாக உங்களுடையதாக ஆகும். சொற்களைக் குறைக்க வேண்டிய கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறேனே என்று தயங்க வேண்டாம். கோயில் போன இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு உங்கள் கட்டுரை சொல்வது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பத்திகளை அடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். எழுத வந்துவிட்டால் அந்தத் தாளை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு, கட்டுரை முழுவதையும் புதிதாகத் தட்டச்சிடுங்கள். பழைய கோப்பைத் திறந்து அங்கங்கே ஒட்டுப் போடாதீர்கள். மறுபடி தட்டச்சிடும்போது கை சலித்துக்கொள்ளும் வாக்கியம் வேண்டாத வாக்கியம் என்பதை அனுபவத்தில் காண்பீர்கள். 1,500 சொற்கள்தான், ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

இனி செய்திகளைச் சரிபார்ப்பது. உங்கள் வரைவில் "அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன" என்று வருகிறது. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான் அது. சொல்லக் கேட்டதைச் சொல்லக் கேட்டதாகவே எழுத வேண்டும். அல்லது விட்டுவிட வேண்டும். "ஆற்காட்டிலிருந்து சில நிமிடங்களில் படை வந்து சேர்ந்தது" என்கிறீர்கள். ஆற்காட்டுக்குப் பேருந்தில் போய் வருகிற உங்களுக்கே தெரியும், அது ஏறத்தாழ 16 மைல். ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு எவ்வளவு விரைந்து வந்தாலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகியிருக்கும். இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையை ஒரு நூல் ஏறத்தாழ 350 என்கிறது, மற்றொன்று 800 என்கிறது. மே மாதக் கசையடியும் அப்படியே. ஒருவருக்கு 90 அடி என்பாரும் உண்டு, 900 என்பாரும் உண்டு. இப்படி நூலுக்கு நூல் மாறும் எண்ணில், பெரியதைப் பார்த்து எடுத்துக்கொள்வது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. மாறுபாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் எண்ணைத் தவிர்த்துவிட்டு எழுதுங்கள்.

பெயரிலும் ஒரு முடிவு வேண்டும். ஒரே நிகழ்ச்சியைக் கலகம், கிளர்ச்சி, புரட்சி, முதல் விடுதலைப் போர் என்று நான்கு விதமாக அழைக்கிறீர்கள். வாசிப்பவருக்குச் சலிக்காமல் இருக்கட்டும் என்று சொல்லை மாற்றியிருப்பீர்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பு. கலகம் என்பது அன்றைய கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், பார்வை. முதல் விடுதலைப் போர் என்றால், 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனையும் 1801இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களையும் எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தியது என்று மட்டும் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. தலைப்பிலேயே புரட்சி என்றிருப்பதால் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கிராடக், கிரடாக், கிரேடாக் என்று மூன்று விதமாக எழுதியிருக்கும் பெயரையும் ஒன்றாக்குங்கள்.

இப்போது வாக்கியத்துக்கு வரலாம். உங்கள் வரைவிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: "ஆங்கிலேயர்களால் கொண்டுவரப்பட்ட புதிய விதிமுறைகளின் காரணமாக சிப்பாய்கள் மத்தியில் மிகுந்த அதிருப்தியானது ஏற்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கதாகும்." இதில் இலக்கணமாகப் பார்த்தால் 'காரணமாகச் சிப்பாய்கள்' என்றும் 'இங்குக் குறிப்பிடத்தக்கதாகும்' என்றும் ஒற்று மிக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒற்றுகளைப் போட்டுவிட்டுக் கடந்து போயிருந்தால் வாக்கியம் அப்படியே உயிரில்லாமல் கிடந்திருக்கும். எந்த விதிமுறை என்று சொல்லவில்லை. யார் கொண்டுவந்தார்கள் என்பது 'ஆங்கிலேயர்களால்' என்ற பொதுச்சொல்லில் மறைந்துவிட்டது. 'அதிருப்தியானது ஏற்பட்டது' என்னும்போது சிப்பாய்கள் எதையும் உணரவில்லை, அது எங்கிருந்தோ வந்து அவர்கள் நடுவே விழுந்தது போலாகிறது. 'என்பது இங்கு குறிப்பிடத்தக்கதாகும்' என்பது வாக்கியத்துக்குக் கட்டிய வெற்று வால்; குறிப்பிடத்தக்கது என்பதால்தானே எழுதுகிறீர்கள்.

அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: "பணியில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று 1805 நவம்பர் தொடங்கி வந்த ஆணைகளை, இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் தங்கள் சமயத்தின்மேல் கைவைப்பதாகவே எண்ணினார்கள்." இது முன்னதைவிட நீளம். சுருங்கச் சொல்லல் என்பது குறைவான சொற்களில் சொல்வது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வேலை செய்யாத சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்வதுதான் அது. 13 சொற்கள் கொண்ட முதல் வாக்கியத்தில் செய்தியே இல்லை. இரண்டாவதில் ஒரு சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு செய்தி போய்விடும். உங்கள் வரைவில் '-ஆனது', 'செய்யப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது', 'குறிப்பிடத்தக்கது' என்று முடியும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் செய்தவர் யார் என்று கேளுங்கள். விடை தெரிந்தால் அவரை எழுவாயாக்குங்கள். தெரியவில்லை என்றால் நூலகத்துக்குப் போங்கள்.

'வீரம் செறிந்த', 'பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க' என்னும் தொடர்களை எடுத்துவிடுங்கள். இவை 'வெற்றெனத் தொடுத்தல்'. புலர்வதற்கு முந்தைய இருட்டில் அந்தச் சிப்பாய்கள் செய்ததை உள்ளபடி சொன்னாலே வீரம் தெரியும்.

கடைசிப் பத்தி 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற குற்றத்துக்கு எடுத்துக்காட்டாக வைக்கத்தக்கது. காரணங்களை அலசிக்கொண்டு வந்த கட்டுரை, மக்கான் பகுதியில் உள்ள நினைவுத்தூணுக்குப் போய், 2006இல் அஞ்சல்தலை வெளியிட்டதைச் சொல்லி, "நாமும் நாட்டுப்பற்றுடன் வாழ்வோமாக" என்று மங்கிப் போகிறது. பள்ளியில் நமக்குப் பழக்கிய முடிவுரை அது. அந்தப் பழக்கத்தில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது ஒத்துவராது. தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்ட இடத்திலேயே நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வரலாறு தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரியுங்கள், கேட்கிறவர் "யாரு?" என்று இடைமறிக்கும் இடத்தில் பெயரைச் சொல்லுங்கள். கைப்பேசியில் பேசியே தட்டச்சிட்ட பகுதிகள் உங்கள் வரைவில் இரண்டு இருக்கின்றன என்று தோன்றுகிறது; 'இருந்தாங்க', 'அதுக்கப்புறம்' என்று எட்டிப் பார்க்கின்றன. வாய்விட்டுப் படிக்கும்போது அவை காதுக்கு இயல்பாக இருப்பதால் நழுவிவிடும். ஆகவே அந்த இரண்டு பக்கங்களை மட்டும் வாய்விட்டுப் படித்த பின் மௌனமாக இன்னொரு முறை பாருங்கள்.

ஒற்றுப்பிழை பார்க்கும் முறை இப்போதுதான் வருகிறது. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்னும் படைக்கலத்தைக் கொடுத்தான். ஓர் ஒற்று பொருளையே மாற்றும் மொழி நம்முடையது என்பதால் இதை அலட்சியமாகச் செய்ய முடியாது. 'ஐ' உருபுக்குப் பின்னும் 'ஆக' என்பதற்குப் பின்னும் க, ச, த, ப வரும் இடங்களை மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள். உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு வந்தால், பொருளின் ஓட்டத்தில் கண் வழுக்காது.

அதற்கும் பிறகு எண்களுக்கு மட்டும் ஒரு சுற்று வையுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். ஒற்று, சந்தி, நிறுத்தக்குறி என்று மூன்று சுற்றுப் பார்த்தும், 1806 என்பது 1860 என்று கோக்கப்பட்டிருந்ததைக் காணாமல் விட்டேன். அச்சாகி, மடித்துத் தைத்து, மேடையில் வெளியிட்ட பிறகு, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அன்று முதல் எந்தப் படியிலும் எண்களைத் தனியாக, ஒரு தாளில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை. உங்கள் வரைவிலும் அப்படி எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தியில் 'ஜூலை 10' என்பது 'ஜூன் 10' என்று இருக்கிறது.